வீட்டுத் தோட்டத்தில் பெருச்சாளி வளை: கண்டறிவது முதல் தடுப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தோட்டத்தில் புல்தரைக்கு நடுவே புதுமண் குவிந்து கிடப்பதைக் கண்டவுடன் பெரும்பாலான வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. குழியைக் காலால் மண் தள்ளி மூடிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் அன்று மாலையே கடைக்குப் போய் எலி மருந்து வாங்கி வருகிறார்கள். மூடிய குழி மறுநாள் திறந்துகொள்கிறது. மருந்து வைத்த இடத்தில் ஒன்று செத்தாலும் அடுத்த மாதம் இன்னொன்று அதே வளையில் குடியேறுகிறது. வளை தோண்டும் உயிரைத் தோட்டத்தைவிட்டு அகற்ற விரும்புகிறவர், குழி யாருடையது என்பதையும் அது ஏன் நம் தோட்டத்தைத் தேர்ந்துகொண்டது என்பதையும் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கீழே சொல்லப்படும் படிகள் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன. வரிசையை மாற்றினால் உழைப்பு வீணாகும்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் தேடும்போது கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பகுதி மோல் எனப்படும் அகழெலியைப் பற்றியவை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் புல்தரைகளைப் பாழாக்கும் அந்த விலங்கு மண்புழுவையும் புழுக்களையும் தின்பது. வேரையோ கிழங்கையோ தின்பதில்லை. இந்தியாவில் கிழக்கு இமயமலைப் பகுதியிலும் வடகிழக்கிலும் அகழெலி உண்டு, தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே புல்தரையில் விளக்கெண்ணெய் தெளிப்பது, சுரங்கப் பாதையில் கத்தரிப் பொறி வைப்பது போன்ற வெளிநாட்டு முறைகளை நம் தோட்டத்தில் கையாள்வதில் பயனில்லை. நம் மண்ணைத் தோண்டுகிறவை வேறு.

முதல் படி: குழி யாருடையது?

தமிழ்நாட்டின் வீட்டுத் தோட்டங்களில் அதிகச் சேதம் விளைவிப்பது பெருச்சாளிதான். அதில் இரண்டு வகை உண்டு. பெரிய பெருச்சாளி தலையும் உடலுமாக ஓர் அடிக்குச் சற்றுக் குறைவான நீளமும் ஏறத்தாழ ஒரு கிலோ வரை எடையும் கொண்டது. கருத்த, முரட்டு மயிர் உடையது. மடக்கப்பட்டால் முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். சிறு பெருச்சாளி பெரும்பாலும் 200 முதல் 350 கிராம் எடை இருக்கும். வால் உடலைவிடக் குட்டையாக இருக்கும். நெல் வயலில் வரப்பைக் குடைந்து கதிரைச் சேமித்து வைப்பதும், நகரத்தில் நடைபாதைக் கற்களுக்கு அடியில் மண்ணை வெளியே தள்ளுவதும் இந்தச் சிறிய வகையே. இதன் வளைவாய் ஒரு டம்ளர் நுழையும் அகலத்தில் இருக்கும். வாசலில் புதுமண் கட்டிகளும் தூளுமாகக் குவிந்திருக்கும். பல வேளைகளில் உள்ளிருந்தே மண்ணைத் தள்ளி வாயை அடைத்து வைத்திருக்கும். அடைத்திருப்பதைப் பார்த்து வளை காலியாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

வறண்ட, மணற்பாங்கான நிலத்தில் வேலியோரத்திலும் புதர் அடியிலும் அடைக்கப்படாத பல வாய்களோடு காணப்படும் வளை வெள்ளெலியினுடையதாக இருக்கலாம். இதன் வால் உடலைவிட நீண்டு, நுனியில் குஞ்சம் போல் மயிர் கொண்டிருக்கும். வரப்போரத்தில் இரண்டு விரல் நுழையும் அளவுள்ள சிறு துளைகள் வயற்சுண்டெலியினுடையவை. காவிரிப் படுகையிலும் கடலோர ஊர்களிலும் ஈரமண் உருண்டைகள் சூழ்ந்த வட்டத் துளைகள் இருந்தால் அவை நண்டு வளைகள். தோட்டத்துக்கு அவற்றால் பெரிய தீங்கில்லை, விட்டுவிடலாம்.

மூஞ்சூறைப் பெருச்சாளியின் குட்டி என்று எண்ணி அடித்துக் கொல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அது எலி இனமே அன்று. நீண்ட கூர்மூக்கும் சிறு கண்களும் கொண்டு, கீச்சிட்டபடி சுவரோரமாக ஓடும் அந்த உயிர் கரப்பான்பூச்சியையும் புழுக்களையும் தின்கிறது, கிழங்கைக் கடிப்பதில்லை. அதன் நாற்றம் ஒன்றே குறை. தோட்டத்தில் அதை இருக்க விடுங்கள்.

குழியே இல்லாமல் புல்தரையின் மேற்பரப்பில் விரல் பருமனுக்கு மண் வரிவரியாக உப்பியிருந்தால், அது பிள்ளைப்பூச்சியின் வேலை. அதற்கான வழி பின்னால் வருகிறது.

எந்த வளையானாலும் கையை உள்ளே விடக் கூடாது. பாம்பு தானாக வளை தோண்டுவதில்லை. எலி தோண்டிய வளையில்தான் நல்லபாம்பும் கண்ணாடி விரியனும் சாரையும் தங்குகின்றன. குச்சியை விட்டுக் குடைவதும் அதே அளவு ஆபத்தானது.

இரண்டாம் படி: உயிர்வளையைக் கண்டறிதல்

பத்துக் குழிகள் தெரிந்தால் பத்து விலங்குகள் இருப்பதாகப் பொருளில்லை. ஒரு பெருச்சாளியின் வளைக்கே பல வாய்கள் இருக்கும். அவற்றில் சில, ஆபத்து வந்தால் தப்பி ஓடுவதற்கு மட்டும் மெல்லிய மண் மூடியோடு விடப்பட்டவை. வளர்ந்த பெருச்சாளி பெரும்பாலும் ஒரு வளையில் தனித்தே வாழும். குட்டி போட்ட தாய் மட்டும் குட்டிகளுடன் இருக்கும். ஆகவே உண்மையில் நாம் எதிர்கொள்வது ஒன்றோ இரண்டோதான் என்பது பல தோட்டங்களில் உறுதிப்படும்.

உழவர்கள் கையாளும் சோதனை எளியது. மாலை ஐந்து மணி வாக்கில் கண்ணில் படும் எல்லா வாய்களையும் ஈரமண் வைத்து மூடி, ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு குச்சியை நட்டுவிடுங்கள். மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன் சென்று பாருங்கள். திறந்திருப்பவை உயிர்வளைகள், அதாவது விலங்கு இப்போதும் குடியிருப்பவை. இதைத் தொடர்ந்து இரண்டு இரவுகள் செய்தால் ஐயம் நீங்கும். வாயில் சிலந்தி வலை பின்னியிருந்தால் அது கைவிடப்பட்ட வளை. புதிதாகத் தள்ளிய மண் சுற்றியுள்ள மண்ணைவிடக் கருத்து ஈரமாக இருக்கும். அதைக் கையுறையோடு சற்றே விலக்கிப் பார்த்தால் சேப்பங்கிழங்குத் துண்டோ வாழைக்கிழங்கின் நாரோ கிடைக்கும். அந்தத் துண்டில் பக்கம் பக்கமாக இரண்டு பள்ளக் கோடுகள் தெரிந்தால் அவை முன்பற்களின் தடம். வேரை அரிக்கும் புழுவின் சேதத்தில் அந்தக் கோடுகள் இருப்பதில்லை.

ஒரு தாளில் தோட்டத்தின் வரைபடத்தைக் கோட்டுருவமாக வரைந்து உயிர்வளைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவை ஒரு வரிசையில் விழும்: குப்பைக் குழியிலிருந்து மதில் ஓரமாக வாழைக் கன்று வரை, அல்லது சாக்கடை மூடியிலிருந்து கோழிக்கூண்டு வரை. பெருச்சாளி திறந்த வெளியில் நடப்பதை விரும்பாமல் சுவரை உரசியே போகும். அந்த வரிசைதான் அதன் பாதை. பொறி வைக்க வேண்டிய இடமும் அதுவே.

மூன்றாம் படி: வரவழைப்பதை நிறுத்துதல்

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிச் செல்கிறார்கள். எனக்கோ எல்லாவற்றிலும் இதுவே முதன்மையாகத் தோன்றுகிறது. சிறு பெருச்சாளிக்குச் சினைக்காலம் ஏறக்குறைய மூன்று வாரங்களே. ஓர் ஈற்றில் 5 முதல் 10 குட்டிகள் வரை போடும். இரை கிடைத்தால் ஆண்டு முழுவதும் ஈனும். இரை தாராளமாகக் கிடைக்கும் தோட்டத்தில் எத்தனை பொறி வைத்தாலும் பிடிபடும் எண்ணிக்கையைப் பிறப்பு மிஞ்சிவிடும்.

சமையலறைக் கழிவை மண்ணில் குழி வெட்டிப் போட்டு உரமாக்குகிறவர்கள் அந்தக் குழியை மூடிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். தொட்டியின் அடியில் கம்பிவலை இருக்க வேண்டும். சோறு, மீன் கழிவு, எண்ணெய்ப் பண்டம் ஆகியவை அதில் சேரக் கூடாது. நாய்க்கும் பூனைக்கும் வைக்கும் உணவில் மிச்சத்தை இருட்டுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கமுள்ள வீடுகளில் அதைத் தரையில் வைக்காமல் மதில்மேல் வைத்து, மாலையில் கழுவிவிட்டால் போதும். கோழித் தீவனமும் பசுந்தீவனக் கட்டும் தகர டப்பாவிலோ மேடையிலோ இருக்கட்டும். உதிர்ந்த சப்போட்டா, கொய்யா, மாம்பிஞ்சு ஆகியவற்றை அன்றாடம் பொறுக்குங்கள்.

அடுத்தது மறைவிடம். தென்னை மட்டைக் குவியல், மீந்த செங்கல் அடுக்கு, உடைந்த ஓடு, பழைய பலகை ஆகியவை மதிலோடு ஒட்டிக் கிடந்தால் அவற்றின் அடியில் வளை நிச்சயம் அமையும். வைத்துத்தான் ஆக வேண்டுமானால் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்குங்கள். செடிகளின் அடிக்கிளைகளைக் கழித்து, மதிலோரம் இரண்டு அடி அகலத்துக்குத் தரை வெறுமையாகத் தெரியும்படி வைத்திருந்தால் பெருச்சாளி அங்கே நடமாடத் தயங்கும். புதுவளை தோன்றினாலும் அன்றே கண்ணில் படும்.

சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் மறக்க வேண்டாம். உடைந்த மூடி, குழாய் நுழையும் இடத்தில் விட்ட சந்து, காற்றுக் குழாயின் திறந்த வாய் ஆகியவையே நகரத்தில் பெருச்சாளி நுழையும் பெருவழிகள். மூடியை மாற்றி, சந்தைச் சிமெண்ட் கலவையால் அடைத்து, குழாய் வாயில் கம்பிவலை கட்டிய பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

நான்காம் படி: பிடித்தல்

வீட்டுத் தோட்டத்துக்கு உகந்தது கனமான கம்பிக் கூண்டு. சந்தையில் வீட்டெலிக்கென விற்கும் சிறு கூண்டைப் பெரிய பெருச்சாளி வளைத்துவிடும். ஆகவே ஒன்றரை அடி நீளமாவது உள்ள, கதவு தாழ்ப்பாளோடு விழும் கூண்டாகப் பார்த்து வாங்குங்கள். கூண்டை வளைவாயில் வைப்பதைவிட, மூன்று நான்கு அடி தள்ளி, பாதையில், சுவரோடு நீளவாக்கில் ஒட்டி வைப்பதே பலன் தரும்.

பெருச்சாளி புதுப்பொருளைக் கண்டு அஞ்சும். அதன் பாதையில் நேற்று இல்லாத ஒரு பெட்டி இன்று இருந்தால் சில நாள்களுக்குச் சுற்றிக்கொண்டு போகும். எனவே முதல் மூன்று இரவுகளில் கதவு விழாதபடி கட்டிவைத்து, உள்ளே இரை மட்டும் வையுங்கள். தின்று பழகிய பிறகு நான்காம் இரவில் பொறியை ஏற்றுங்கள். இரைக்குச் சுட்ட கருவாடு, வறுத்த தேங்காய்த் துண்டு, மசால்வடை ஆகியவை நன்கு இழுக்கும். ஆனால் தோட்டத்தில் எதைக் கடித்துக்கொண்டிருக்கிறதோ அந்தக் கிழங்கையே வைப்பது பல இடங்களில் அதைவிட நன்றாக வேலை செய்கிறது. இரையைக் கம்பியில் இறுகக் கட்டாவிட்டால் கதவு விழாமலே இழுத்துக்கொண்டு போய்விடும்.

பிடிபட்டதை அடுத்த தெருவில் விட்டுவிடுவது அண்டை வீட்டுக்குச் செய்யும் தீங்கு. அது திரும்பி வரவும் கூடும். தண்ணீர்த் தொட்டியில் கூண்டோடு மூழ்கடிப்பது நீண்ட வதை. கொல்வதென்று முடிவெடுத்தால் நொடியில் உயிர் போகும்படி செய்ய வேண்டும். அதற்கு மனமோ பழக்கமோ இல்லாதவர் அனுபவமுள்ளவரை அழைப்பதே முறை. ஒட்டுப்பலகை வாங்கவே வேண்டாம். அதில் ஒட்டிய உயிர் மணிக்கணக்காகத் துடித்துச் சாகிறது. அணிலும் ஓணானும் சாரைக் குட்டியும் அதில் சிக்குகின்றன.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்தில் உள்ளவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: மூங்கிலும் கயிறும் கொண்டு வில்போல் வளைத்துச் செய்யப்படும் எலிக்கிட்டி. கிட்டி வைக்கும் தொழிலாளர்கள் மாலையில் வந்து வளை பார்த்து நட்டுவிட்டு, காலையில் எடுத்துப் போவார்கள். கிட்டி அடித்தால் எலி உடனே இறந்துவிடும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் இருளர் மக்களின் திறமை வேறு எவருக்கும் எளிதில் வராது. வளையின் தப்பு வாய்களைக் கண்டுபிடித்து அடைத்து, மண்பானையில் காய்ந்த புல்லை மூட்டி, பானையின் துளை வழியே ஊதிப் புகையை உள்ளே செலுத்தி, பிறகு கடப்பாரையால் அளந்து தோண்டுவார்கள். எந்தத் திசையில் வளை திரும்புகிறது என்பதை மண்ணின் ஒலியிலிருந்தே உணர்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வளைக்குள் பாம்பு இருந்தாலும் கையாளத் தெரிந்தவர்கள் அவர்கள். பெரிய தோட்டம் வைத்திருப்பவர்கள் உரிய கூலி கொடுத்து இவர்களை அழைப்பது நஞ்சுக்குச் செலவிடுவதைவிட எவ்வளவோ மேல்.

வளையில் தண்ணீர் ஊற்றுவது பலரும் கேட்கும் வழி. வீட்டுச் சுவரிலிருந்தும் மதிலிலிருந்தும் தொலைவில், தப்பு வாய்களை அடைத்துவிட்டுச் செய்தால் ஓரளவு பலன் உண்டு. அடித்தளத்துக்கு அருகே செய்தால் குடைந்த மண் இறங்கி, தளக்கற்கள் உள்வாங்கவும் மதில் சாயவும் வழிவகுக்கும்.

நஞ்சைப் பற்றி

வேளாண் நிலத்தில் துத்தநாக பாஸ்பைடு கலந்த இரையும் புரோமடையோலோன் கட்டிகளும் பயன்படுத்தப்படுகின்றன. முதலாவது வயிற்றில் பாஸ்பீன் வாயுவாக மாறிக் கொல்கிறது. அதற்கு முறிமருந்து இல்லை. ஒருமுறை தின்று பிழைத்த பெருச்சாளி அந்த இரையை மீண்டும் தொடாது என்பதால் இரண்டாம் முறை பயனும் இல்லை. இரண்டாவது இரத்தம் உறைவதைத் தடுத்து, சில நாள்களில் கொல்கிறது. தின்ற எலி அந்த நாள்களில் தளர்ந்து வெளியே திரியும்போது அதைப் பிடிக்கும் ஆந்தையும் பூனையும் நாயும் நஞ்சை வாங்கிக்கொள்கின்றன. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வளையில் போடும் வேலை பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்களுக்கு மட்டும் உரியது. வீட்டுக்காரர் அதைத் தொடவே கூடாது. வளைகள் சில வேளை வீட்டுத் தரைக்கு அடியிலும் செல்கின்றன, வாயு அந்த வழியே அறைக்குள் ஏறும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு வீட்டுக்குள் வைக்கப்பட்ட எலி மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் உயிரிழந்ததைத் தமிழ்நாடு அறியும். பற்பசை போன்ற குழாயில் விற்ற மஞ்சள் பாஸ்பரஸ் பசையோ ஈரலை அழிப்பது. அது வீட்டில் இருப்பதே பேராபத்து.

குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் உள்ள வீட்டுத் தோட்டத்தில் நஞ்சுக்கு இடமில்லை என்பதே என் உறுதியான கருத்து. யாரேனும் எலி மருந்தை உட்கொண்டதாக ஐயம் எழுந்தால், அறிகுறி தெரியும்வரை காத்திருக்காமல், மருந்தின் உறையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், 108-ஐ அழையுங்கள்.

மிளகாய்ப் புகை, நாப்தலின் உருண்டை, ஒலியெழுப்பும் மின்கருவி ஆகியவற்றை நம்பிப் பணம் செலவிட வேண்டாம். சில நாள் விலகியிருக்கும் பெருச்சாளி பழகியபின் திரும்பிவிடும். நாப்தலின் மண்ணையும் கெடுக்கும்.

ஐந்தாம் படி: மூடுதலும் கம்பிவலையும்

பொறியில் தொடர்ந்து ஒரு வாரம் எதுவும் விழாமல், மூடிய வாய்களும் திறக்காமல் இருந்தால் வளையை நிரப்பலாம். வாயைச் சுற்றி ஓர் அடி தோண்டி, சுரங்கம் தெரியும் இடம் வரை ஜல்லியும் மண்ணும் கலந்து அடுக்கடுக்காகக் கொட்டி, தண்ணீர் தெளித்துக் கடப்பாரையின் பின்புறத்தால் இடியுங்கள். சுவரோரமானால் கான்கிரீட் கலவையே போடுங்கள். புல்தரையில் புல்லை வேரோடு பத்தையாக வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு, நிரப்பிய பின் அதே பத்தையை மேலே பதித்து மிதித்துவிட்டால் சில வாரங்களில் தடம் மறையும். மழைக்குப் பிறகு அந்த இடம் தாழ்ந்தால் மறுபடி மண் சேர்க்க வேண்டும்.

நிலையான தடுப்பு கம்பிவலைதான். துத்தநாகப் பூச்சுள்ள, பற்றவைத்த, அரை அங்குலக் கண் கொண்ட வலையைத் தேர்ந்தெடுங்கள். கோழி வலையைப் பெருச்சாளி கடித்துவிடும், பிளாஸ்டிக் வலையைச் சொல்லவே வேண்டாம். மதில் அடித்தளம் ஆழமில்லாத இடத்தில் இரண்டு அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, வலையைச் செங்குத்தாக இறக்கி, அடிப்பகுதியை ஓர் அடி வெளிப்புறமாக மடக்கிப் புதையுங்கள். தோண்டிக்கொண்டு வரும் விலங்கு மடிப்பில் முட்டி நின்றுவிடும். தோட்டம் முழுவதும் இதைச் செய்வது பெருஞ்செலவு. ஆகவே சேனை, சேம்பு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி பயிரிடும் பாத்திகளுக்கு மட்டும் அடியிலும் நான்கு பக்கமும் வலை விரித்து, அதன்மேல் மண் நிரப்பி மேட்டுப்பாத்தியாக அமைத்தால் போதும். தென்னங்கன்றையும் வாழைக்கன்றையும் சுற்றி இரண்டு அடி விட்டத்தில் வலை வளையம் புதைத்தால், குருத்து கடிபட்டுச் சாய்வது நின்றுவிடும்.

புல்தரையில் பிள்ளைப்பூச்சியும் வேர்ப்புழுவும்

மண் வரிவரியாக உப்பியிருக்கும் இடத்தில், 8 லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவ சோப்பைக் கலந்து, இரண்டு அடிக்கு இரண்டு அடி பரப்பில் மெதுவாக ஊற்றுங்கள். பிள்ளைப்பூச்சி இருந்தால் சில நிமிடங்களில் மேலே வரும், பொறுக்கிவிடலாம். பின்பு நல்ல தண்ணீர் விட்டுச் சோப்பை அலசிவிடுங்கள். புல் பாய்போல் உரிந்து வந்தால் அடியில் வெண்ணிற வேர்ப்புழு இருக்கும். அதன் வண்டுகள் கோடைமழை பெய்த மாலைகளில் மண்ணிலிருந்து கிளம்பி வேப்பமரத்திலும் முருங்கையிலும் மொய்க்கின்றன. கிளையை உலுக்கி விழுபவற்றைச் சோப்புநீரில் போட்டு அழித்தால் அந்த ஆண்டுப் புழு வெகுவாகக் குறையும்.

உடல்நலமும் கண்காணிப்பும்

பெருச்சாளியின் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சல் பரவும். ஈரமண்ணில் வேலை செய்யும்போது ரப்பர் கையுறையும் முழங்கால் வரை காலணியும் அணியுங்கள். கையில் காலில் காயம் இருந்தால் அந்த வேலையை ஒத்திப்போடுங்கள். வேலை செய்த சில நாள்களில் கடுங்காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் கண்டால், தோட்டத்தில் எலி வளையைக் கையாண்டதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். செத்த எலியைப் பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்து, இரண்டு அடி ஆழத்தில் புதைக்க வேண்டும்; கிணற்றோரத்தில் புதைக்கக் கூடாது.

தோட்டத்துக்குக் கூகை என்னும் ஆந்தை வந்தால் விரட்டாதீர்கள். அதுவும் சாரையும் கீரியும் எந்தப் பொறியையும்விட நீண்ட காலம் காவல் செய்பவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கிறது. பாம்பு தெரிந்தால் அடிக்காமல் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள்.

ஆண்டில் இரண்டு காலங்களில் கூடுதல் கவனம் வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் வயலிலும் சாக்கடையிலும் வளைகள் நீரில் மூழ்கும்போது பெருச்சாளி மேட்டுநிலம் தேடி வீட்டுத் தோட்டத்துக்கு வரும். தை அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும் இன்னொரு முறை வரும். அந்த வாரங்களில் காலைதோறும் மதிலோரத்தைச் சுற்றிப் பாருங்கள். புதுமண் தெரிந்த அன்றே கூண்டை எடுத்து, கதவைக் கட்டி, இரையோடு வைக்கத் தொடங்கிவிடலாம்.